பாய் வண்டிக்குப் பல்லு கட்டின கதை

வண்டி ரிப்பேர் ஷெட்டுக்கு வருகிறவர் யாரும் கோளாறை வார்த்தையால் சொல்வதில்லை. வாயால் சத்தம் போட்டுத்தான் காட்டுவார்கள். ‘டக்கு டக்குன்னு வருதுங்க’ என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். மற்றவர்கள் கண்ணை மூடி, கன்னத்தை உப்பி, முழு இன்ஜினாகவே மாறிவிடுவார்கள். ஒரு தண்ணி லாரி டிரைவர் எங்கள் வாசலில் நின்று தன் பிரேக் சத்தத்தைச் செய்து காட்டியபோது, தெருவில் போன சைக்கிள்காரர் பயந்துபோய்ச் சாக்கடையோரம் ஒதுங்கினார்.

நான் திருவொற்றியூரில் தேவராஜ் மேஸ்திரியின் ஷெட்டில் மெக்கானிக். வயது பதினெட்டு. ஐடிஐ சர்டிபிகேட்டில் வேறு பெயர் இருக்கிறது. ஏரியாவில் என் பெயர் ‘ஸ்பீக்கரு’. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த தடவை அது என் வாயிலிருந்து வரும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் குரலில் கூப்பிட்டுத் தெருவில் பாதிப் பேரை வெளியே வரவழைத்திருக்கிறேன். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

பழைய வண்டி வைத்து அவஸ்தைப்படுகிற சகபாடிகளே, உங்களை எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு ஷெட்டில் கால் வளைந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ‘அரை அவர்ல முடிஞ்சிரும்’ என்பதை நம்பி மத்தியானச் சாப்பாட்டைக் கோட்டை விட்டிருப்பீர்கள். உங்களுக்காகவே ஒரு பிக்கப் வண்டிக்குப் பின் ஆக்சில் மாற்றிய விவகாரத்தைச் சொல்லப்போகிறேன். இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் உடனே தர மாட்டேன். ஷெட்டில் காக்க வைப்பது மாதிரியே இங்கேயும் காக்க வைப்பேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சக்கரம் மட்டும்

பஷீர் பாய் தண்டையார்பேட்டைக்காரர். அவருக்குத் தலைமுடியும் அவர் பிக்கப்புக்குப் பெயின்ட்டும் ஒரே வருஷத்தில் கொட்ட ஆரம்பித்தனவாம். எண்ணூரில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் பார் ஐஸ் ஏற்றிக்கொண்டு போய், காசிமேட்டில் மீன்பிடி போட்டுகளுக்கு இறக்குவது அவர் தொழில். ஐஸ் உருகி ஒழுகுகிற தண்ணீர் வருஷக்கணக்கில் வண்டியின் பின்பக்கத்தைக் குளிப்பாட்டியதில், அடியில் கை வைத்தால் துரு முறுக்கு மாதிரி உதிரும்.

பாய் ரொம்ப நாளாகவே வந்து சத்தம் செய்து காட்டிக்கொண்டிருந்தார். “ங்ஙொய்ய்ய்ங்... கட்... ங்ஙொய்ய்ய்ங்... கட்.” மேஸ்திரி கேட்டுவிட்டு, “பேரிங்கு. வண்டிய உடு பாய், பிரிச்சிடலாம்” என்பார். “தடைக்காலம் வரட்டும் மேஸ்திரி” என்பார் பாய். தடைக்காலத்தில் போட்டுகள் கடலுக்குப் போகாது, ஐஸுக்கு வேலை கிடையாது, அப்போது நிதானமாகப் பிரிக்கலாம் என்பது அவர் திட்டம். தடைக்காலம் வந்தது. வண்டி ஓடவில்லை, ஓடாததால் சத்தமும் வரவில்லை, சத்தம் வராததால் வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று பாய் சந்தோஷமாக இருந்துவிட்டார்.

தடை முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஒரு ஷேர் ஆட்டோ ஷெட் வாசலில் நின்றது. பின் சீட்டில் பாய். அவர் முழங்கால்களுக்கு நடுவில் அவர் வண்டியின் பின் சக்கரம், மத்தியில் உடைந்த ஆக்சில் ராடு ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு. பக்கத்தில் இருந்த அம்மாள் அதன் கிரீஸ் புடவையில் படாமல் ஒதுங்கி ஒதுங்கி, ஆட்டோவுக்கு வெளியே பாதி வந்திருந்தார். பாய் சக்கரத்தை இறக்கி, உருட்டிக்கொண்டு வந்து, மேஸ்திரி காலடியில் சாய்த்தார்.

“ஓட்டிப் பாக்கலாம்னு எடுத்தேன், வண்டி எண்ணூர்ல கீது மேஸ்திரி. சக்கரம் மட்டும் கெளம்பி வந்துகீது.”

நம்பர் நாலு

பாய் ஏன் ஆட்டோ பிடித்து ஓடி வந்தார் என்பதற்குக் காரணம் உண்டு. அந்த ஐஸ் ஃபேக்டரி வாசலில் ஒரு கரும்பலகை. வண்டிகள் எந்த வரிசையில் ஐஸ் ஏற்ற வேண்டும் என்று அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். பாய்க்கு நம்பர் நாலு. முதல் ஐந்து நம்பர் என்றால் நாள் முழுக்க லோடு உண்டு. அதற்குக் கீழே இருப்பவர்கள் ஈ ஓட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தடை முடிந்து போட்டுகள் கிளம்பும் நாளில் வண்டி நிற்கவில்லை என்றால் நம்பர் போச்சு. அதற்கு அப்புறமும் மூன்று தடவை தன் முறைக்கு லேட்டாக வந்தால் நம்பர் போச்சு. பலகையும் சாக்பீஸும் கோமதி அக்கா கையில். அவர்தான் அங்கே சூப்பர்வைசர்.

பாய் மேஸ்திரி முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் பேசினார். அஞ்சு நாள் டைம் கொடு, ஆக்சில் உடைஞ்சிபோச்சு, என் நம்பரை மட்டும் தொடாதே என்று. (கோமதி அக்கா குரலுக்கு மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் கதவைச் சாத்துகிற மாதிரி முடிக்க வேண்டும். எனக்கு இரண்டே நிமிடத்தில் பிடிபட்டது.)

“அஞ்சு நாளு கீது இல்ல, அதுக்குள்ள வா பாய். வரலின்னா நாலுல வேற ஒருத்தன் குந்துவான். உன் பேர அயிக்கறதுக்கு எனக்கு ஒரு சொட்டு எச்சி போதும்.”

எத்தனை பல்லு போச்சு?

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஆக்சிலை வண்டியின் பாரம் தாங்கும் கமான் பட்டையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் யூ போல்ட் நாலும் துருவேறி ஒரே இரும்பாக இறுகிக் கிடந்தன. ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி நானும் மேஸ்திரியும் தொங்கினோம். போல்ட் அசையவில்லை, வண்டி அசைந்தது. மேஸ்திரி இறங்கி வந்து கேஸ் கட்டரைப் பற்ற வைத்தார்.

ஆக்சிலின் நடுவில் பானை மாதிரி உப்பியிருக்கும் இடத்துக்குள்தான் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னப் பல்சக்கரமும் கடித்துக்கொண்டு சுற்றும். இன்ஜினின் பலம் சக்கரத்துக்கு அந்தப் பல் வழியாகத்தான் போக வேண்டும். அடி நட்டைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக வடிந்தது. கூடவே டங், டங் என்று நாலு இரும்புத் துண்டுகள் தட்டில் விழுந்தன. மேஸ்திரி ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தார், பல் டாக்டர் மாதிரி. பேரிங் உட்காரும் இடமும் தேய்ந்து, கூடு கோணிப்போயிருந்தது. “முழு ஆக்சிலும் மாத்தணும் பாய்” என்றார். பாய் அந்த நாலு துண்டையும் உற்றுப் பார்த்தார்.

“நாலு பல்லுதான மேஸ்திரி போச்சு? எனக்கே மேல்வரிசைல மூணு இல்ல. நான் இன்னா, பிரியாணி துன்றதில்லியா?”

பாத்துக்கலாம்

சிரிப்பு எங்கே என்று தேடுகிறீர்கள். ஆயில் இப்போதுதான் வடிந்திருக்கிறது. பொறுங்கள்.

இந்த வண்டிக்குப் புது ஆக்சில் கிடைப்பதில்லை. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகளில்தான் தேட வேண்டும். அங்கே மேஸ்திரிக்குப் பழக்கமானவர் ராஜி அண்ணன். மேஸ்திரி ஒரு லாரிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, “ராஜிக்குப் போன் போட்டுக் கேளுடா” என்றார். மேஸ்திரியின் போன் எப்போதும் ஷெட் சுவரில் சார்ஜரோடு தொங்கும். பேட்டரி செத்துப்போனதால் சார்ஜரை விட்டு எடுத்தால் அணைந்துவிடும். எடுத்தேன். பதினெட்டு வயசுப் பையன் குரலில் கேட்டால் புதுப்பேட்டையில் யாரும் மதிக்க மாட்டார்கள் இல்லையா? அதனால் மேஸ்திரியாக மாறினேன். மேஸ்திரியைச் செய்வது ரொம்ப லேசு. இரண்டு தடவை தொண்டையைக் கனைக்க வேண்டும். மூன்று வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது. யார் என்ன கேட்டாலும் கடைசியில் ‘பாத்துக்கலாம்’ என்று முடிக்க வேண்டும்.

“ம்க்ஹும். ம்க்ஹும். பிக்கப்பு பின் ஆக்சிலு.”

“கீது மேஸ்திரி, கீது கீது. நேத்துதான் ஒண்ணு வந்துது, டிரம்மோட வந்துது” என்றார் ராஜி அண்ணன். அவருக்கு எல்லாமே இரண்டு தடவை. “ஆனா பல்லு நாப்பத்தொண்ணுக்கு எட்டு. உன் வண்டி முப்பத்தேயுக்கு ஒம்போது இல்ல? பரவால்லியா?”

பெரிய சக்கரத்துக்கு எத்தனை பல், சின்னதுக்கு எத்தனை பல் என்கிற கணக்கு அது. கணக்கு மாறினால் வண்டியின் குணமே மாறிவிடும். இதை ஐடிஐ-யில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். போனை மூடிக்கொண்டு லாரிப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பாருங்கள், அந்த நிமிஷம் என் வாய் என்னுடையதாக இல்லை, மேஸ்திரியுடையதாக இருந்தது. அது எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டது.

“பாத்துக்கலாம்.”

“சரி மேஸ்திரி, சரி சரி. உன் வாய்லேர்ந்து வந்துட்டா அப்பால பேச்சே கெடையாது.”

மீன்பாடி வண்டியில் ஊர்வலம்

ஆக்சிலை மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் கூட வந்தேன். வண்டியைவிட ஆக்சில் நீளம். இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டுகிற டிரம் வெளியே நீட்டிக்கொண்டு, பல்லக்கு தூக்குகிற கம்பு மாதிரி. பள்ளம் வரும்போதெல்லாம் அது ஒரு பக்கம் சாயும்; நான் மறு பக்கம் ஓடிப் போய் உட்கார வேண்டும். யானைக்கவுனி தாண்டுவதற்குள் மூன்று பைக் கண்ணாடிகளுக்கு ஆபத்து வந்து, நூலிழையில் விலகியது. உரியவர்கள் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்கள்.

ராயபுரம் சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். சுற்றி வந்து பார்த்தார். டிரம்மைத் தட்டிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார், ஆக்சில் என்றேன். வண்டி எங்கே என்றார். திருவொற்றியூரில் இருக்கிறது என்றேன். இதற்கு எந்தச் சட்டப் பிரிவில் எழுதுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். மனசில்லாமல் வழி விட்டார்.

“வண்டிய வூட்ல வெச்சுட்டு ஆக்சில மட்டும் ஓட்டிகினு வர்ற மொத ஆளு நீதான்டா. போ, போயி தல காட்டாத.”

சாக்பீஸ் கோடு

பழைய ஆக்சில் வந்து இறங்கினால் மேஸ்திரி உடனே மாட்ட மாட்டார். அவருக்கு ஒரு முறை உண்டு. நடுவில் இன்ஜின் பக்கம் பார்த்திருக்கும் தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். இரண்டு டிரம்மையும் ஒன்றாக, சரியாக ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். கோடு எத்தனை தடவை சுற்றி வருகிறதோ அதுதான் வண்டியின் ஜாதகம். பாய் வண்டிக்கு நாலு சுற்றும் கொசுறும் வர வேண்டும்.

அந்தப் பக்க டிரம்மை மேஸ்திரி பிடித்தார், இந்தப் பக்கம் நான். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். சுற்றினோம். மேஸ்திரி எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. டிரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் கோடும் நிற்கிற மாதிரி தெரியவில்லை. அஞ்சு. மேஸ்திரி நிமிர்ந்தார். மறுபடி சுற்றினோம். மறுபடி அஞ்சு. மேஸ்திரி சுவரோரம் போய், போனை எடுத்து, ராஜி அண்ணனை ஸ்பீக்கரில் பிடித்தார். நான் சுத்தமாக இருந்த டிரம்மை இன்னும் சுத்தமாகத் துடைத்தேன்.

“நான் கேட்டனே மேஸ்திரி, கேட்டேன் கேட்டேன். நாப்பத்தொண்ணுக்கு எட்டுன்னு சொன்னேன். நீதான பாத்துக்கலாம்னே?” என்றது போன்.

மேஸ்திரி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். போன் போடச் சொன்னது என்னைத்தானே, நடுவில் தான் எப்போது பேசினோம் என்று மனசுக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. வேறு கடைகளுக்கும் அடித்துப் பார்த்தார். மீஞ்சூர் வரைக்கும் கேட்டாயிற்று, எங்கும் இல்லை. பழையதில் இருக்கிற பல்லை எடுத்து இதில் போடலாம் என்றால் அதில் நாலைக் காணோம். தடை முடிய இரண்டே நாள். மாட்டித்தான் ஆக வேண்டும்.

“சொல்லியிருப்பேன்டா. நான் வேற இன்னாத்த சொல்லப்போறேன்?”

எண்பது

மாட்டினோம். புது யூ போல்ட், புது ஆயில் சீல், பிரேக்கில் காற்று எடுத்து, ஆயில் ஊற்றி, பாய் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வண்டி தரையில் நின்றது. மேஸ்திரிக்கு எண்ணூர் பக்கம் ஒரு பிரேக்டவுன் வந்துவிட்டது. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: “பாய் வந்தா சொல்லிடு. இயுவை ஜாஸ்தி. ஓட்டம் கம்மி. மீட்டரு கூடக் காட்டும், அத நம்பாத, கால் அவர் முன்னாடி கெளம்பு. சரியான பல்லு கெடச்சதும் மாத்திக் குடுக்கறேன்.” மேஸ்திரி ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

விஷயம் இதுதான். பல் கணக்கு கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். மீட்டர் கம்பி கியர்பாக்ஸில் இருக்கிறது. பின்னால் பல் மாறியது அதற்குத் தெரியாது. வண்டி நிஜமாக நாற்பதில் போனால் மீட்டர் ஐம்பது என்று சாதிக்கும். பாய் வந்ததும், “இயுவை ஜாஸ்தி பாய்” என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு ரவுண்டு போய்விட்டார். திரும்பி வந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மாப்பிள்ளை தோற்றான். “எண்பது போவுது ஸ்பீக்கரு! இந்த வண்டி வாங்கின நாள்லேர்ந்து எண்பது பாத்ததில்ல!” என்றார். மீதி விஷயங்களை நான் விழுங்கிவிட்டேன். பயம் கொஞ்சம், நிஜத்தைச் சொன்னால் இந்த முகம் போய்விடுமே என்கிற பேராசை நிறைய.

இரண்டு நாள் கழித்து, ஆக்சில் சூடாகிறதா என்று கை வைத்துப் பார்க்க மேஸ்திரி என்னை பாயோடு வண்டியில் அனுப்பினார். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எங்களைத் தாண்டின. சிமென்ட் ஏற்றின லாரி ஒன்று தாண்டியது. பிறகு பத்துப் பேரை அடைத்துக்கொண்டு, பின்னால் இருவர் தொங்க, ஒரு ஷேர் ஆட்டோ நிதானமாக ஏறி வந்து தாண்டியது. பாய் மீட்டரைப் பார்த்தார். ஆட்டோவைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“ரோடே கெட்டுப்போச்சுபா. நான் எண்பதுல போறேன், ஷேர் ஆட்டோ தாண்டிகினு போறான். இவனுங்கள்லாம் இப்டி பேய் மாரி ஓட்னா ஆக்சிடென்ட் ஆவாம இன்னா ஆவும்?”

பலகையில் இரண்டாவது கோடு

ஃபேக்டரி வாசலில் கோமதி அக்கா பலகைக்குப் பக்கத்தில் கையில் சாக்பீஸோடு நின்றிருந்தார். நாலாம் நம்பருக்கு எதிரில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. முந்தின நாள் லேட்டானதற்கு. எங்களைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது கோட்டைப் போட்டார். பாய் இறங்கி ஓடினார். வழியில் எங்கேயும் நிற்கவில்லை, டீ கூடக் குடிக்கவில்லை, கூட வந்த தம்பியைக் கேட்டுப் பார், எண்பதிலேயே வந்தோம் என்றார். தம்பி ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன் மீட்டரு எண்பது காட்டுது பாய். நாலு மணி மொறைக்கு என் கடியாரம் நாலே கால் காட்டுது” என்றார் அக்கா. “ஐஸு ரெண்டுல எதப் பாத்து உருகும்? இன்னும் ஒரு கோடு. அப்பால என்கிட்ட வந்து நிக்காத.”

லோடு ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாலம் ஏறும்போது வண்டி ஜம்மென்று இழுத்தது, பாய் அதைக் கொண்டாடவில்லை. தண்டையார்பேட்டை தாண்டியதும் ஸ்டியரிங்கில் இருந்த தன் கையைப் புரட்டிப் பார்த்தார். எனக்குள் இரண்டு நாளாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“வண்டி மேல தப்பே இல்ல ஸ்பீக்கரு. எனக்குத்தான் கைகாலு ஸ்லோ ஆயிட்டுது போல. வூட்ல சொல்லாத.”

மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரம்

மறுநாள் காலை பத்து மணி. பகல் லோடுக்குப் பாய் கிளம்புவதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும். என் குரலில் சொன்னால், ‘மூணு நாளா ஏன்டா சொல்லல?’ என்று கேட்பார். மேஸ்திரி குரலை யாரும் கேள்வி கேட்பதில்லை. மேஸ்திரி தெருமுனை டீக்கடைக்குப் போயிருந்தார். போன் சுவரில் தொங்கியது. எடுத்தேன். பாய் வண்டி ஓட்டிக்கொண்டே பேசினார். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது.

“ம்க்ஹும். ம்க்ஹும். பாய். கால்மணி முன்னாடி கெளம்பு.”

“ஏன் மேஸ்திரி?”

“பல்லு வேற. மீட்டரு பொய்.”

“எவ்ளோ பொய்?”

மூன்று வார்த்தைக் கட்டுப்பாட்டோடு கணக்கைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? “பன்னண்டு பதினஞ்சாக் காட்டும்” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. “அட, அதான் விஷயமா! எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும் நடுவுல பன்னண்டு கிலோமீட்டருதான? மூணு நாளா பதினஞ்சு காட்டுது. நடுவுல மூணு கிலோமீட்டர எவன்டா கொண்ணாந்து வெச்சான்னு மண்ட காஞ்சிகினு கீறேன்! எனக்கு வயசாயிடுச்சோன்னு ராவெல்லாம் தூக்கமில்ல மேஸ்திரி!” பாய் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், மேஸ்திரி சிரிக்க மாட்டார் என்பதால் கனைத்துக்கொண்டேன். இன்ஜின் நின்றது. அந்த வண்டியின் கதவு மூன்று தடவை அடித்தால்தான் சாத்தும். மூன்று தடவை அடித்தது. “இத மொதல்லயே சொல்லக் கூடாதா மேஸ்திரி? நானே உன்னக் கேக்கலாம்னுதான் வந்துகினு கீறேன்.”

“பாத்துக்கலாம்.”

எங்கேயோ டீ ஆற்றுகிற சத்தம். கண்ணாடி கிளாஸ்கள் இடிக்கிற சத்தம். பாய் மறுபடி பேசியபோது குரல் ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாக இருந்தது.

“மேஸ்திரி, நீ இப்ப எங்க கீற?”

“ஷெட்லதான்.”

“ஷெட்லியா. செரி. அப்ப இங்க பெஞ்சில குந்திகினு, வாய் நெறைய பன்ன வெச்சுகினு, என்னியே பாத்து முழிக்கிறாரே, இவரு யாரு?”

போன் கை மாறியது. பன் மெல்லுகிற சத்தம். விழுங்குகிற சத்தம். பிறகு தொண்டைக் கனைப்பு, இரண்டு தடவை, அசல்.

“டேய் ஸ்பீக்கரு. அன்னிக்கு ராஜிகிட்ட பாத்துக்கலாம்னு சொன்னதும் இந்த வாய்தானா?”

பாய் இப்போது கால் மணி முன்னதாகக் கிளம்புகிறார், நாலாம் நம்பரில் அவர் பெயர் அழியாமல் இருக்கிறது, ஷெட்டில் இனி என் சொந்தக் குரலில் மட்டும்தான் பேச வேண்டும் என்று மேஸ்திரி உத்தரவு போட்டுவிட்டதால் நான்தான் அது எப்படி இருக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.